இரண்டாவது மிதி

அந்த சைக்கிள்களுக்குக் கேரியர் வைக்கச் சொன்னது சகாயமேரிதான். பிற்பாடு அவள் எத்தனையோ காரியங்களுக்காகத் தன்னையே நொந்துகொண்டாள். ஆனாலும் எல்லாவற்றுக்கும் முன்னால் வந்து நிற்பது இந்தக் கேரியர்தான்.

கம்பெனிக்காரர்கள் அனுப்பிய நானூறு சைக்கிளும் மொட்டையாகத்தான் வந்து இறங்கின. பார்க்க அழகு, குறை சொல்ல முடியாது. சாம்பல் நிறம், சத்தமில்லாத செயின், ஸ்டாண்டோடு சேர்ந்த பூட்டு. பின்னால் மட்டும் ஒன்றுமில்லை.

"கேரியர் இல்லாததெல்லாம் ஒரு சைக்கிளா?" என்று கேட்டாள் சகாயம்.

"இது ஒருத்தர் ஓட்டுறதுக்குன்னே செஞ்சது மேடம்," என்றான் கம்பெனி பொறியாளன் கோவிந்த்.

"ஓட்டுறது ஒருத்தர்தான். கூட வர்றவங்க எங்க உக்காருவாங்க?"

கூட ஒருவர் வருவார் என்று அந்த சைக்கிளை வரைந்தவர்களுக்குத் தோன்றவே இல்லை. சகாயம் ஷெட் மெக்கானிக் காதர் பாயைக் கூப்பிட்டு, நானூறுக்கும் கேரியர் வைத்துப் பற்றவைக்கச் சொல்லிவிட்டாள்.

புதுக்கோட்டையைத் தாண்டி, தைலமரக் காடும் முந்திரியும் செம்மண்ணுமாகக் கிடந்த அறுநூறு ஏக்கரில் அந்தப் பல்கலைக்கழகம் இருந்தது. மகளிர் விடுதியிலிருந்து வேதியியல் ஆய்வகத்துக்கு இரண்டரை கிலோமீட்டர். உள்ளே வண்டிகள் கூடாது என்று ஒரு நாள் உத்தரவு வந்ததும், பிள்ளைகள் வெயிலில் வதங்குவதைப் பார்க்கப் பொறுக்காமல், போக்குவரத்துப் பிரிவில் கண்காணிப்பாளராக இருந்த சகாயம் பொதுச் சைக்கிள் திட்டம் ஒன்றை எழுதிக் கொடுத்தாள். எங்கே வேண்டுமானாலும் எடுக்கலாம், எங்கே வேண்டுமானாலும் விடலாம். எழுதியவளையே திட்ட அலுவலராகவும் போட்டுவிட்டார்கள். பிள்ளைகள் அவளுக்கு 'சைக்கிள் மேடம்' என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

பூட்டைப் பற்றி முதல் நாளே கோவிந்த் விளக்கியிருந்தான்.

"கார்டுன்னா தொலைஞ்சிரும். போன்ல சார்ஜ் இருக்காது. காலு எங்க மேடம் தொலையப்போகுது? ஸ்டாண்டுல நிக்கிறப்பவே நாலு சுத்து மிதிக்கணும். ஒவ்வொருத்தர் மிதியும் ஒரு தினுசு, கையெழுத்து மாதிரி. தெரிஞ்ச மிதின்னா பச்சை எரிஞ்சு பூட்டு திறக்கும். இல்லைன்னா சிவப்பு எரியும், 'பதிவில்லாத நபர்'னு சொல்லும்."

"காய்ச்சல்ல கெடந்து எந்திரிச்சு வந்து மெதுவா மிதிச்சா?"

"மெல்ல மெல்ல மாறினா அதுவும் கூடவே பழகிக்கும். ஒரேயடியா மாறினாத்தான் வேற ஆளுன்னு நினைச்சுக்கும். பாதி வழியில ஆள் மாறினாலும் பூட்டிக்கும். திருட்டுப் பயம் இல்லை."

இரண்டு வருஷம் நன்றாகத்தான் ஓடியது. மூன்றாம் வருஷம், ஒரு மாணவன் விடுதிப் படியில் சுருண்டு விழுந்து செத்துப்போனான். இதயத்தில் ஏதோ கோளாறாம். ஏன் முன்கூட்டியே கவனிக்கவில்லை என்று வழக்கு வந்தது. பயந்துபோன பல்கலைக்கழகம் பதிவாளர் தலைமையில் நலக்குழு ஒன்றை அமைத்தது. மிதியைப் பார்த்தே உடம்பில் நடப்பதையும் மனசில் நடப்பதையும் பெரும்பாலும் சொல்லிவிடலாம் என்று கம்பெனி அப்போது தெரிவித்தது. குழு அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. மிதி ஓர் அளவுக்குக் கீழே தொடர்ந்து இறங்கினால், அந்த ஆளுக்கு ஒரு கடிதம் போகும். 'தங்கள் நலன் கருதி ஓய்வு அளிக்கப்படுகிறது' என்று தொடங்கும். மாணவரானாலும் ஊழியரானாலும் ஒரே கடிதம்தான். கீழே திட்ட அலுவலர் என்ற இடத்தில் சகாயத்தின் கையெழுத்து.

ஓய்வு என்பது எத்தனை நல்ல வார்த்தை. அந்த வளாகத்தில் அதைச் சொன்னால் பிள்ளைகளுக்கு முகம் வெளுத்தது. 'அவனுக்கு ஓய்வு குடுத்துட்டாங்களாம்' என்று குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டார்கள். பத்து மாணவர்களும் ஒரு காவலாளியும் அப்படிப் போனார்கள். தேறி வந்தால் சேர்த்துக்கொள்வோம் என்று கடிதத்தில் இருந்தது. ஒருவரும் வரவில்லை. உயிரைக் காப்பாற்றத்தானே செய்கிறோம் என்று சகாயம் பதினோரு முறையும் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கையெழுத்துப் போட்டாள்.

பன்னிரண்டாவது கடிதம் வேம்புவுக்கு.

கமுதிப் பக்கத்துப் பெண். வேதியியல் முதுகலை, கடைசி வருஷம். டிசம்பர் மாதத்து ஒரு காலையில் கோவிந்த் அவளுடைய மிதி அளவைக் காட்டும் கோட்டைத் திரையில் காட்டினான். எட்டு மாதமாக ஒரே சீராக இறங்கியிருந்தது.

"இதைப் பாருங்க மேடம். ஒவ்வொரு மிதிக்கும் பின்னாடியே இன்னொரு குட்டி மிதி. நொண்டி நடக்குற மாதிரி. இறங்குறதும் அந்தக் குட்டி மிதிதான்."

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"எல்லா டெஸ்டும் நார்மல். பதிவாளர் சார் அதைப் பாத்துட்டு, நோய் இன்னும் வெளிய தெரியலைன்னுதான் அர்த்தம்னு எழுதிட்டாரு."

மெஷின் ஒன்று சொல்லி மருத்துவர் வேறொன்று சொன்னால், பொய் சொல்வது உடம்புதான் என்று முடிவுகட்டுகிற காலம் வந்திருந்தது. சகாயத்துக்கு என்னவோ உறுத்தியது. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அந்தப் பெண்ணை ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று ஆள் அனுப்பினாள்.

வேம்பு வந்தாள். உரமேறிய கைகால், வெயிலில் அலைந்த நிறம். நோயாளி என்று யாராவது சொன்னால் சிரிப்பு வரும். ஷெட்டில் நின்ற சைக்கிளைக் காட்டி, "கொஞ்சம் மிதிம்மா, பாப்போம்," என்றாள் சகாயம்.

வேம்பு தயங்கினாள். ஏறி நாலு சுற்று மிதித்தாள். சிவப்பு எரிந்தது. பதிவில்லாத நபர் என்று சைக்கிள் தன் தேன் குரலில் சொன்னது.

"செயின் இறுக்கமா இருக்கு மேடம்," என்றாள் வேம்பு.

காதர் பாய் இன்னொரு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். அதிலும் சிவப்பு. மூன்றாவதிலும் சிவப்பு. ஒன்றரை வருஷமாக தினமும் சைக்கிள் எடுக்கிற பெண்ணை எந்த சைக்கிளுக்கும் தெரியவில்லை.

சகாயத்தின் கண் கேரியரில் போய் விழுந்தது. மணப்பாறையில் பள்ளிக்கூடம் போகையில் அவளும் அவள் அக்காவும் ஒரே சைக்கிள்தான். மேடு வந்தால் கேரியரில் இருக்கிற அக்கா காலை முன்னால் நீட்டி அதே பெடலில் வைத்துக் கூடவே மிதிப்பாள். முன்னால் இருப்பவளின் மிதி முதலில், ஒரு இமைப்பொழுது கழித்துப் பின்னால் இருப்பவளின் மிதி. டபுள் மிதி என்பார்கள். தமிழ்நாட்டில் இது தெரியாத பிள்ளை கிடையாது. கோவிந்தின் மெஷினுக்கு மட்டும் தெரியாது.

காதர் பாயைத் தேநீர் குடிக்க அனுப்பிவிட்டு, "பின்னாடி உக்காந்து மிதிச்சது யாரும்மா?" என்று கேட்டாள்.

வேம்பு தரையைப் பார்த்தாள். "தஸ்லிமா," என்றாள். "என் ரூம்மேட். தொண்டிக்காரி. பதிவு பண்ற அன்னைக்கு எப்பவும் போல அவளையும் ஏத்திக்கிட்டுத்தான் வந்தேன். கிரவுண்டைச் சுத்தச் சொன்னாங்க, சுத்துனோம். யாரும் ஒண்ணும் சொல்லலை."

"அவ பேர்ல தனியாப் பதிவு இல்லையா?"

"நடந்து போறேன்னு எழுதிக் குடுத்துட்டா. தனியா மிதிக்க முடியாது மேடம் அவளுக்கு. தசை இளைக்குற நோவு. அட்மிஷன்ல மறைச்சுட்டுத்தான் சேந்தா. சொல்லியிருந்தா சேத்திருப்பாங்களா? காலை ஆட்டிக்கிட்டே இருக்கணும், விட்டா போயிரும்னு டாக்டர் சொல்லியிருக்காரு. அதான் கூட மிதிப்பா. நான் மேடுன்னா அழுத்துவேன், அவ எப்பவுமே ஒரே மாதிரிதான். இப்ப கொஞ்ச நாளா..."

இறங்கிக்கொண்டிருந்த கோடு யாருடையது என்று சகாயத்துக்கு விளங்கிவிட்டது.

"இதைப் போய்ச் சொல்லியிருக்கலாம்ல? உன் படிப்பு போகுதும்மா."

"சொன்னா யாரு படிப்பு போகும்?"

சகாயம் போய் ஷெட் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"எனக்கு உடம்பு நல்லா இருக்கு. வீட்டுல கல்யாணம்னு நிப்பாங்க, மல்லுக்கட்டி எப்படியாவது திரும்பி வந்துருவேன். அவளுக்கு இந்த ஒரு வருஷம்தான் மேடம். அடுத்த வருஷம் டெஸ்ட் டியூபைப் பிடிக்க கையில தெம்பு இருக்குமான்னு தெரியாது. அவ கண்டுபிடிச்சு வச்சிருக்குறதை ஜூனுக்குள்ள எழுதி முடிச்சுட்டா, அது அவ பேர்ல நிக்கும்." அவள் சகாயத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவ பேரை மட்டும் எங்கயும் சொல்லிராதீங்க."

மறுபதிவு செய்துவிடலாமா என்று சகாயம் யோசித்தாள். காலில் அடிபட்டவர்களுக்கு அப்படி ஒரு வழி உண்டு. ஆனால் ஓய்வுப் பட்டியலில் பெயர் ஏறிவிட்டால் அந்தக் கதவு மூடிக்கொள்ளும். அந்த விதியை எழுதியதும் அவளேதான்.

பெயரைச் சொல்லாமல் பதிவாளரிடம் பேசிப் பார்க்கலாம் என்று போனாள். பதிவாளர் பொல்லாதவர் அல்லர். அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார். தண்ணீர் கூடக் கொடுக்கச் சொன்னார்.

"மெஷின் தப்புங்குறீங்க."

"இந்த ஒரு பொண்ணு விஷயத்துல தப்பு சார். அது இன்னொருத்தர் காலு."

"யாரு காலு?"

சகாயம் மேசைமேல் இருந்த தண்ணீரை எடுத்துக் குடித்தாள்.

"சகாயமேரி, யோசிச்சுப் பாருங்க. பேரே இல்லாம மெஷின் தப்புன்னு மட்டும் நான் எழுதினா, முன்னாடி அனுப்பின பதினோரு பேரு என்ன கேப்பாங்க? அவங்க விஷயத்துலயும் தப்பா இருக்கலாமேன்னு கேப்பாங்களா மாட்டாங்களா? பேரைச் சொல்லுங்க, இந்தப் பொண்ணை விட்டுட்டு அந்தப் பேருக்கு லெட்டர் போடுவோம். இல்லைன்னா இதுல கையெழுத்துப் போடுங்க. ரெண்டுல ஒண்ணு. சாயங்காலம் தபால்ல போகணும்."

அந்தப் பதினோரு பேரில் எத்தனை பேர் பின்னால் யார் உட்கார்ந்து மிதித்தார்களோ என்ற நினைப்பு அவளுக்கு அப்போதுதான் வந்தது. நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். நானூறு கேரியர்.

சாயங்காலம் வேம்புவின் கடிதத்தில் கையெழுத்துப் போட்டாள். மறுநாள் மறுபதிவு விதியை மாற்றலாமா என்று ஒரு மனு எழுதி, அனுப்பாமல் மேசைக்குள் வைத்துப் பூட்டினாள். அவள் கோழைதான். அதை அவளே ஒப்புக்கொண்டாள்.

வேம்பு போன மூன்றாம் நாள் காலையில், விடுதி ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு பெண் மதிலைப் பிடித்தபடி நடந்து போவதைச் சகாயம் பார்த்தாள். ஒல்லி. முக்காட்டுக்கு மேலே தோளில் ஒரு பெரிய பை. நாலடிக்கு ஒரு தடவை நின்றாள். சாலை எங்கேயாவது குறைந்திருக்கிறதா என்று பார்ப்பவள்போல தூரத்தைப் பார்த்துவிட்டு மறுபடி நடந்தாள்.

சகாயம் தன் சைக்கிளை அவள் அருகில் நிறுத்தினாள். "தஸ்லிமாதானே? உக்காரும்மா. நான் அந்தப் பக்கம்தான் போறேன்."

பாதி வழியில் சைக்கிள் படக்கென்று பூட்டிக்கொண்டது. பதிவில்லாத நபர் என்றது. சகாயம் குனிந்து பார்த்தாள். தன் கால்களுக்கு வெளியே, பெடலின் ஓரத்தில், ரப்பர் செருப்புப் போட்ட இரண்டு சின்னப் பாதங்கள்.

"பழக்கத்துல வச்சுட்டேன் மேடம்," என்றாள் தஸ்லிமா.

"காலைத் தூக்கி வச்சுக்கோம்மா. நான் மிதிக்கிறேன், நீ சும்மா வா."

"சும்மா வந்தா நான் மூட்டை மேடம்." கோபமாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொல்வதுபோலத்தான் சொன்னாள். "வேம்பு ஒரு நாள் கூட என்னைச் சும்மா உக்காந்து வரவிட்டதில்லை."

அன்று மீதித் தூரம் சகாயம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தாள். அன்று மத்தியானம் முழுக்க ஷெட்டில் வெறுமனே உட்கார்ந்திருந்தாள். பிறகு ஒரு தாளில் முழங்கால் வலி காரணமாக மறுபதிவு வேண்டும் என்று தன் பெயரில் விண்ணப்பம் எழுதி, திட்ட அலுவலர் என்ற இடத்தில் அனுமதித்துத் தானே கையெழுத்தும் போட்டாள். மறுநாள் கேரியரில் தஸ்லிமாவை வைத்துக்கொண்டு மைதானத்தைப் பத்துத் தடவை சுற்றினாள். காதர் பாய் அந்த நேரம் முழுக்க, கழற்றத் தேவையில்லாத ஒரு சக்கரத்தைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார்.

இதன் முடிவு என்னவென்று சகாயத்துக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தாள். வேம்புவுக்குச் செய்ததை ஈடுகட்ட வேறு வழி அவளுக்குத் தெரியவில்லை. ஜூன் வரை தாங்கினால் போதும் என்று கணக்குப் போட்டாள்.

ஜனவரியில் அந்த இரண்டாவது மிதி அவள் உள்ளங்காலில் தெளிவாகத் தெரிந்தது. தன் அழுத்தம் முடிகிற இடத்தில் ஒரு சின்னத் தள்ளல். அதில் ஒரு ரோஷம் இருந்தது. சில நாட்களில் தஸ்லிமா பேசிக்கொண்டே வருவாள். ஆலைக் கழிவுநீரிலிருந்து குரோமியத்தை வடிகட்ட முந்திரித் தோட்டைக் கரியாக்கிப் பயன்படுத்துகிறாள். அதைப் பற்றிப் பேசினால் நிறுத்தமாட்டாள். வேறு சில நாட்களில் பேசவே மாட்டாள்.

பிப்ரவரியில் ஒரு நாள், "வேம்புக்குக் கல்யாணம் ஆயிருச்சு மேடம்," என்றாள். "போன் பண்ணினா. அப்பாவுக்கு உடம்பு சரியில்லைன்னுதான் ஊருக்குப் போறேன்னு சொல்லிட்டுப் போனா. நானும் நம்புன மாதிரியே இருந்துட்டேன்."

"உனக்குத் தெரியுமா?"

"லெட்டரை நான் பாத்தேன். பாத்துட்டு மடிச்ச மாதிரியே வச்சுட்டேன். ஏன்னு கேட்டா நான்தானே போகணும்." சிறிது தூரம் போன பிறகு, "எனக்கு முடிக்கணும் மேடம்," என்றாள்.

சகாயம் தொடர்ந்து மிதித்தாள். அவளைக் கடிந்துகொள்ள அந்த வளாகத்தில் யாருக்கு உரிமை இருந்தாலும் தனக்கு இல்லை என்று நினைத்தாள். பின்னாலிருந்து வந்த தள்ளல் அன்று முழுக்கக் குறையாமல் இருந்தது.

மார்ச்சில் வெயிலோடு சேர்ந்து அது இளைக்கத் தொடங்கியது. மேட்டில் சகாயத்துக்கு மூச்சு வாங்கியது. ஏப்ரல் கடைசி வாரத்தில், ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், கோவிந்த் ஒரு கவரைக் கையில் வைத்துக்கொண்டு உட்காராமல் நின்றான்.

"மேடம், பட்டியல்ல உங்க பேரு வந்திருக்கு. திங்கட்கிழமையிலேருந்து."

"குடு."

"அந்தப் பொண்ணோட கோடு மாதிரியே இருக்கு மேடம். அதே குட்டி மிதி. உங்களுக்கு முழங்கால் வலி இல்லைன்னு எனக்குத் தெரியும்." அவன் குரலைத் தாழ்த்தினான். "யாருன்னு மட்டும் சொல்லுங்க. குழுகிட்ட நான் பேசுறேன். நீங்க எதுக்கு மேடம் போகணும்?"

"யாருன்னு இதுலயே போட்டிருக்கே," என்றாள் சகாயம். தன் பெயருக்கு வந்த கடிதத்தை ஒரு தடவை படித்தாள். நலன் கருதி ஓய்வு. நாலு வருஷத்துக்கு முன்னால் அந்த வாசகத்தைத் தேடிப் பிடித்துப் போட்டதும் அவள்தான். கடுமையாக இல்லாமல் இருக்கட்டுமே என்று. கீழே திட்ட அலுவலர் என்ற இடத்தில் வழக்கமான கையெழுத்தைப் போட்டு அவனிடம் கொடுத்தாள். பதின்மூன்றாவது கையெழுத்து.

அவள் கவலை வேறு. ஆய்வேட்டைக் கொடுக்க இன்னும் ஐந்து வாரம் இருந்தது. திங்கட்கிழமையிலிருந்து தஸ்லிமாவை யார் ஏற்றிக்கொண்டு போவது? காதர் பாய்க்கு மூட்டு தேய்ந்திருக்கிறது. கோவிந்தைக் கேட்கலாமா என்றுகூட நினைத்தாள். கேட்டால் செய்வான் என்றுதான் தோன்றியது. அவனுக்கும் ஒரு நாள் இதே கவர் வரும்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு வேதியியல் ஆய்வக ஸ்டாண்டில் தஸ்லிமா உட்கார்ந்திருந்தாள். விரல்களில் கரி. முகத்தில் அபூர்வமாக ஒரு சிரிப்பு.

"கடைசி ரீடிங் வந்துருச்சு மேடம். சரியா வந்திருக்கு. இனிமே எழுதவேண்டியதுதான் பாக்கி."

"அப்படியா? ரொம்ப நல்லதும்மா," என்றாள் சகாயம். கடிதத்தைப் பற்றி நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

தஸ்லிமாவைத் தூக்கிக் கேரியரில் உட்காரவைத்தாள். முன்பெல்லாம் அவளே ஏறிக்கொள்வாள். அவளுடைய கால் ஒவ்வொன்றையும் எடுத்துப் பெடலின் ஓரத்தில் வைத்துவிட்டு, சகாயம் சீட்டில் ஏறி நாலு சுற்று மிதித்தாள்.

சிவப்பு எரிந்தது. பதிவில்லாத நபர்.

அதற்குள் பெயரை எடுத்துவிட்டார்களா என்று அவளுக்குக் கோபம் வந்தது. இல்லை, திங்கட்கிழமையிலிருந்துதான் என்று கோவிந்த் சொன்னானே. அவன் பொய் சொல்கிறவன் இல்லை. மறுபடி நிதானமாக மிதித்தாள். தன் அழுத்தம் முடிகிற இடத்தில், உள்ளங்காலில், வழக்கமாக வருகிற அந்தச் சின்னத் தள்ளலுக்காகக் காத்திருந்தாள். பெடல் சும்மா சுற்றிவந்தது. மறுபடி சிவப்பு.

சகாயம் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் வரவில்லை.

"என்னம்மா, களைப்பா இருக்கா?" என்று முன்னால் பார்த்தபடியே கேட்டாள். "கொஞ்சம் மிதிக்கிறியா?"

"மிதிச்சுக்கிட்டுத்தானே மேடம் இருக்கேன்," என்றாள் தஸ்லிமா.